நிலை வைக்காத வாசல்

சிரிக்கத் தயாராக இருங்கண்ணா. வயிறு வலித்தால் என்னைத் திட்டக் கூடாது. ஆனால் இப்போது இல்லை. இந்தச் சிரிப்பு பஸ் பாதி வழி போனதும்தான் வரும். பெருந்துறைக்கு முன்னாலா பின்னாலா என்று என்னால் சொல்ல முடியாது. போனில் வர வேண்டிய சிரிப்பு அது. இதோ, மடியிலேயே வைத்திருக்கிறேன் பாருங்க. அடித்ததும் ஸ்பீக்கரில் போடுவேன். நீங்க தோளில் கிடக்கிற துண்டை வாயில் திணித்துக்கொண்டுதான் சிரிக்கணும். சத்தம் வந்தால் காரியம் கெட்டுவிடும்.

அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க. கச்சாயம், வெல்லப் பணியாரம். எங்க பக்கத்து வீட்டு வசந்தாமணி பெரியம்மா செய்தது. கோயமுத்தூரில் ஒரு டி.வி.க்காரங்க மிமிக்ரிக்கு ஆள் எடுக்கிறாங்க, அதற்குத்தான் போகிறேன். அதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு அவங்க வீட்டில் அத்தனை வேலை கிடக்க, காலையில் வாணலியை வைத்துச் சுட்டு, ஆறவைத்து, டப்பாவில் போட்டு மதில் மேல் எட்டிக் கொடுத்தாங்க. "கண்ணு, வெறு வயித்துல கத்துனீன்னா தொண்டை கட்டிக்கும். தின்னுப்போட்டுப் பேசு." எப்படி? அவங்க குரலேதான். நீங்க கேட்டதில்லை, அதனால் தெரியாது. போன் வரும்போது ஒத்துப் பாருங்க.

எல்லாக் குரலும் வரும் எனக்கு. "உள்ள போ, உள்ள போ, நடுவுல நின்னு தேரா பாக்கறே?" பாருங்க, பாருங்க, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார்! தான் பேசினோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். எங்க ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் லீவு விட்டிருக்கிறேன், பாதிப் பேர் கேட்டைத் தாண்டிவிட்டாங்க. அப்பா குரலில் அம்மாவுக்கே போன் போட்டு, "சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க, கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சிரு" என்றேன். வைத்தாங்க. அப்பா வந்து உட்கார்ந்து, "ஏ புள்ள, என்ன விசேஷம்?" என்று கேட்டார். அந்தச் சண்டை ஒரு வாரம் ஓடியது. ஆனால் அதெல்லாம் பொடிசு அண்ணா. சுட்டுத் தின்று முடிந்த சமாச்சாரம். இப்போது சொல்கிறதுதான் பெரிசு. மழைக்கு முன்னாடி தொடங்கினது, இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் வாசலைச் சொல்லணும். வாசல் புரியாவிட்டால் சிரிப்பு வராது.

எங்க ஊர் பவானி. ஆற்றங்கரைத் தெரு. வெள்ளத்துக்குப் பயந்து அந்தக் காலத்திலேயே வீட்டையெல்லாம் தூக்கிக் கட்டிவிட்டாங்க. அதிலும் பெரியம்மா வீடு இருக்கிறதே, வாசலில் செங்குத்தாகப் படி. ஏறி முடித்தால் முட்டி கழன்று கையில் வரும். சென்னியப்பன் பெரியப்பா, அவங்க வீட்டுக்காரர், கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவார். அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரியில் வீல் சேரில் உட்கார வைத்து அனுப்பினாங்க. வீல் சேர் படி ஏறுமா? பிள்ளைகுட்டியும் கிடையாது, தூக்கிக் கொடுக்க. அதனால் காங்கேயத்தில் அவர் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாங்க, அது தரையோடு தரையான வீடு. "வாசலைச் செரி பண்ணிப்போட்டு வந்து கூட்டிட்டுப் போறனுங்" என்று சொல்லிவிட்டு பெரியம்மா தனியாக ஊருக்கு வந்தாங்க.

அங்கே தங்கச்சி மகன் ஒருத்தன். மூக்கிலேயே பேசுவான். "அத்தை, தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாசல் ஆகலீன்னா மாமாவைக் காப்பகத்துல சேத்திருவேன். சேத்துட்டா அப்பறம் அங்கயேதான், சொல்லிப்போட்டேன். எங்கூட்டுப் பொம்பளைங்களும் எத்தனை நாளைக்குத்தான் பாப்பாங்க?" நல்லா இருக்கா? இவன் குரல் சுலபம். மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஆறுச்சாமி மேஸ்திரி. இவர் குரலுக்கு வாயில் கொஞ்சம் எச்சில் தேக்கி வைத்துக்கணும். "பண்ணிப்புடலாமுங்க்கா. படிய இடிச்சுப்போட்டு வண்டி ஏற ஒரு சறுக்கு. இதென்னுங், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சுப்புடலாமுங்." படியை இடித்தார். அதோடு ஆளைக் காணோம். மணல் வரலை என்றார். கலவை போடுகிற ஆள் வரலை என்றார். மாமனார் தவறிப்போய்விட்டார் என்றார். அந்த மாமனாரை அதற்கு முன்னாடி எங்க தெருக்கோடி வீட்டு வேலைக்கும் சாகடித்திருக்கிறார், பெரியம்மாவுக்குத் தெரியாது. அத்தனை நாளும் அவங்க ஏணி வைத்து வீட்டுக்குள் ஏறிப் போனாங்க. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பால் சொம்பு. அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், அப்புறம் காட்டுகிறேன்.

ஒரு வழியாகச் சறுக்கு போட்டார். சறுக்கா அது! வாடகைக்கு ஒரு வீல் சேர் எடுத்து, அதில் அரிசி மூட்டையை வைத்து விட்டுப் பார்த்தாங்க. மூட்டை விர்ரென்று இறங்கி, கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்ச்சாக்கடையில் போய் உட்கார்ந்தது. பெரியம்மா வெளுத்துப்போய் நின்றாங்க. மேஸ்திரி மட்டும், "வண்டி நல்ல வண்டிங்க்கா, என்னமா ஓடுது பாருங்" என்றார். நான் ஒன்றும் செய்யலை அண்ணா, சத்தியமாக. அதுவரைக்கும் எல்லாம் தானாக நடந்தது.

மறுபடி இடித்து, நீளமாக, நடுவில் ஒரு வளைவு வைத்துப் போட்டாங்க. சாய்வு குறையணும் என்றால் நீளம் வேணுமே. முன்னால் இருந்த மண் தரை முழுக்கச் சறுக்கே தின்றுவிட்டது. மிச்சம் இருந்த ஓரத்தில் பெரியம்மா தோட்டம் போட்டாங்க. புல் பத்தை வாங்கிப் பதித்து, செம்பருத்தி, பவளமல்லி, நந்தியாவட்டை. எல்லாம் உள்ளே ஏறும்போது இடது பக்கமாகவே. ஏன் என்று கேட்டேன். "ஒங்க பெரிப்பனுக்கு எடது கைதானே கண்ணு ஆடுது. வண்டியத் தள்ளிட்டு வர்றப்ப சும்மா கைய நீட்டுனா பூ கையில படோணும்." சொல்லிவிட்டு, மேஸ்திரியுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டி அளந்து பார்த்துத்தான் குழி எடுத்தாங்க. என்ன ஒரு வேலை பாருங்க. சிரிப்பு வருகிறதா? இது இல்லை, பொறுங்க.

டி.வி.யில் காலையில் ஒருத்தர் வருவார், ஈசானமணி அய்யா. வாஸ்து சொல்லுகிறவர். நெற்றி முழுக்கச் சந்தனம், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். "தாயே… வாசல்… என்பது… வீட்டின்… வாய்." பெரியம்மாவுக்கு அவர் சொன்னால் வேதம். ஒரு நாள் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாங்க. "கண்ணு, டி.வி.ல கீழ ஓடுதே, அய்யா நெம்பரு, அதை இதுல போட்டுக் குடு. இத்தனை தடங்கல் வருதே, ஏன்னு ஒரு வார்த்தை கேக்கோணும்."

போட்டுக் கொடுத்தேன். என்னிடம் இன்னொரு சிம் இருக்கிறது அண்ணா. 'ஈசானமணி அய்யா' என்று பேர் போட்டு, அந்த நம்பரைப் பதிந்து கொடுத்தேன்.

இப்போது புரிகிறதா? இருங்க, இருங்க, இதுவும் இல்லை.

அன்றைக்கே கூப்பிட்டாங்க. நான் எங்க மொட்டை மாடியில் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவங்க வாசலில். கீழே அவங்க தலை தெரிகிறது, வகிடு தெரிகிறது. "அய்யா, நானு பவானியிலிருந்து வசந்தாமணிங்." நான், "தாயே… பேச வேண்டாம். நான்… பார்க்கிறேன்" என்றேன். கொஞ்சம் விட்டு, "வாசலுக்கு வலப்புறம்… கவிழ்த்த… பச்சை பக்கெட் ஒன்று… தெரிகிறது. அதன்மேல்… ஒரு காகம்." பெரியம்மா மெதுவாகத் திரும்பிப் பக்கெட்டைப் பார்த்தாங்க. காகத்தைப் பார்த்தாங்க. அண்ணா, அப்படியே மணல் குவியலில் மண்டி போட்டுட்டாங்க! போனைக் காதில் வைத்தபடியே. நான் சட்டையைக் கடித்துக்கொண்டு மாடியில் உருண்டேன்.

அப்புறம் என்ன செய்தாங்க தெரியுமா? போனை வைத்ததும் நேராக எங்க வீட்டுக்கு ஓடிவந்தாங்க. யாரிடம் சொல்ல? என்னிடம் சொல்ல! "மிதுனு, மிதுனு, அய்யாவுக்கு ஞானதிருஷ்டி கண்ணு. நம்மூட்டு பக்கெட்டு அவரு கண்ணுல தெரியுது!" நான், "நெசமாவா பெரிம்மா?" என்று கண்ணை விரித்தேன். அதற்குத்தான் எனக்கு மெடல் கொடுக்கணும், அய்யா குரலுக்கு இல்லை.

மேஸ்திரிக்கு மட்டும் சந்தேகம். "ஏங்க்கா, மெட்ராஸுல உக்காந்துக்கிட்டு அந்தாளுக்கு எப்புடிங் பக்கெட்டு தெரியுது?" பெரியம்மா, "ஆறுச்சாமி, தெய்வ காரியத்துல நாக்க அளந்து பேசோணும்" என்று ஒரே அதட்டு. அவரும் கரண்டியை எடுத்துக்கொண்டு கலவைக்குப் போய்விட்டார்.

அப்புறம் அய்யா சொல்லச் சொல்ல அவங்க செய்தாங்க. அய்யா என்றால் நான்தான், குழம்பிடாதீங்க. முதலில் சறுக்கு. "தாயே… உன் சறுக்கு கன்னி மூலையில் இறங்குகிறது. குடும்பத் தலைவனின் ஆயுள்… அதிலே சறுக்குகிறது." ஈரம் காயாத சறுக்கு அண்ணா. சம்மட்டியை முதலில் அவங்களே தூக்கினாங்க. மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் வேற சைட்டு பாத்துக்கறனுங்க்கா, என்னை வுட்டுருங்." அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி, காப்பி போட்டுக் கொடுத்து நிறுத்தினாங்க. இடித்துப் போட்டிருந்த அந்த வாரம்தான் மழை பிடித்தது. கூட்டின மண் எல்லாம் கரைந்து, புல் பத்தை ஒவ்வொன்றாக மிதந்து, கேட்டுக்கு அடியில் வரிசையாக வெளியே போகிறது, ஸ்கூல் விட்ட பிள்ளைகள் மாதிரி. பெரியம்மா நனைந்துகொண்டு பலகையைக் குறுக்கே பிடித்து நிற்கிறாங்க. அது மழை செய்தது, நான் இல்லை. ஆனால் டைமிங் பாருங்க!

மறுபடி சறுக்கு எழும்பியது, வேறு பக்கம் திருப்பி. மேஸ்திரிக்கும் அதற்குள் கை தேறிவிட்டது, இந்தத் தடவை நன்றாகவே அமைந்தது. அரிசி மூட்டை இளவரசன் மாதிரி இறங்கியது. எனக்குப் போர் அடித்தது. "தாயே… செடிகள் இடப்பக்கம் ஆகாது. வலப்பக்கம் மாற்று." பெரியம்மா முதல் தடவையாக வாதாடினாங்க. "அய்யா, அவருக்கு அந்தப் பக்கம் கை வராதுங்களே." நான், "கை வராதது… ஏன் என்று… இப்போது புரிகிறதா தாயே?" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அந்த இடத்தில் ஒரு இடைவெளி விட்டேன் பாருங்க, அதுதான் கலை. மறுநாளே அத்தனை செடியும் வலது பக்கம். பவளமல்லி வேர் அறுந்து செத்துப்போச்சு.

அப்புறம், பிழைத்த செடிகளிடம் தினமும் உத்தரவு கேட்கணும் என்றேன், பேர் சொல்லி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. கேட்டாங்க அண்ணா! காலங்காத்தால ஈரத்தலையோடு நின்று, "செம்பருத்தி, உத்தரவு குடு. நந்தியாவட்டை, உத்தரவு குடு. எங்கூட்டுக்காரரு ஊட்டுக்கு வரோணும்." பால்காரன் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறான். நான் மாடியிலிருந்து எடுத்து கிளாஸ் குரூப்பில் போட்டேன். எத்தனை பேர் சிரித்தாங்க தெரியுமா? எனக்கு அவங்க மேல் கோபமா என்று கேட்கிறீங்க. சேச்சே. எனக்கு எதற்குக் கோபம்? அம்மா மில்லுக்குப் போன நாளெல்லாம் அவங்க வீட்டில்தான் எனக்குச் சோறு. நல்லவங்க. உண்மையைச் சொன்னால், அவங்களுக்கும் இதில் பொழுது போகிறது. வேறு யார் இருக்கிறாங்க பேச? தினமும் அய்யாவிடம் பேசிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவாங்க.

நீங்க என்ன, சிரிக்கவே மாட்டேன் என்கிறீங்க? சரி, கதவு நிலைக்கு வருகிறேன். நிலைதான் மெயின்.

வாசல் கதவு குறுகல். வீல் சேர் நுழையாது. அதனால் பழைய நிலையைப் பெயர்த்துவிட்டு அகலமாகப் புது நிலை வைக்கணும். பழையதைப் பெயர்த்தாச்சு, புதுசையும் ஆசாரி செய்து கொண்டுவந்து மதிலில் சாய்த்துவிட்டார். நிலை வைக்கிறது என்றால் நல்ல நேரம் பார்க்கணும், மஞ்சள் குங்குமம், மாவிலை, எல்லாம் உண்டு இல்லையா? நேரம் யார் பார்ப்பது? அய்யாதான்! ஆசாரி உளியோடு வந்து நிற்பார், மாவிலை கட்டி முடித்திருப்பாங்க, கரெக்டாக நான் போன் அடிப்பேன். "தாயே… நிறுத்து. இன்று… கரிநாள்." மாவிலையை அவிழ்ப்பாங்க. அடுத்த தடவை, "தெற்கே சூலம்." மறுபடி அவிழ்ப்பாங்க. மதிலில் சாய்த்த நிலை மழையில் ஊறி முறுக்கிக்கொண்டது. ஆசாரி மறுபடி எடுத்துப் போய் இழைத்துக் கொண்டுவந்தார்.

அதுவரைக்கும் வாசலில் கதவும் இல்லை, நிலையும் இல்லை. ஒரு நீலத் தார்ப்பாய்தான். நாய் உள்ளே வரும், ஆடு உள்ளே வரும். பெரியம்மா கோலை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாங்க, கடைக்குக்கூடப் போக முடியாது. காய்கறியெல்லாம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அதையும் சொல்லணும். ஒரு நாள் மேஸ்திரி அவங்களிடம் சொன்னார், "ஏங்க்கா, நெலை இல்லாததும் நல்லதுதானுங். அகலமாத்தான இருக்குது? அவரைக் கூட்டியாந்து நேரா உள்ள வுட்டுப்புடலாமுங். நெலைய அப்பறம் வெச்சுக்கலாம்." நியாயம்தானே? அவங்களும் அய்யாவிடம் கேட்டாங்க. நான் அப்போது டிபன் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். விட்டால் விளையாட்டு அன்றைக்கே முடிந்துவிடும். தோசையை முழுங்கிவிட்டுச் சொன்னேன், "நிலை இல்லாத வாசல்… வாயைப் பிளந்த வாசல் தாயே. தலைவனை… விழுங்கும்."

அந்த லைனை இன்றைக்கு டி.வி.க்காரங்க முன்னாலும் சொல்லப் போகிறேன். எனக்கே மயிர்க் கூச்செறிந்தது.

சரி. இன்றைக்கு என்ன என்றால், தீவாளிக் கெடு முடிந்துபோச்சு என்று அந்த மூக்கன், தங்கச்சி மகன், கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "இன்னிக்கு வண்டியில கூட்டியாரேன். எறக்கறதுன்னா எறக்கிக்குங்க. இல்லீன்னா அதே வண்டி நேரா காப்பகத்துக்குப் போயிரும். இன்னொருக்கா கேக்கமாட்டேன்." பெரியம்மா நேற்று அய்யாவிடம் அழுதுகொண்டே கேட்டாங்க. அப்போதுதான் இந்த ஐடியா வந்தது. கேளுங்க, இதுதான் சிரிப்பு. "கவலை வேண்டாம் தாயே. வண்டி… தெருவை மூன்று சுற்று சுற்றட்டும். பிறகு பின்வாசல். நாற்காலியை… முதுகுப்பக்கமாக… பின்னோக்கி… இழுத்துக்கொண்டு செல். அவர் வாயில் ஒரு எலுமிச்சம்பழம். உள்ளே போனதும் என்னை அழை." புரிகிறதா? ரிவர்ஸில்! எங்க பின் சந்து பார்த்திருக்கணும் நீங்க, இரண்டு பக்கமும் சாக்கடை, நடுவில் எருமை, முடிவில் ஆள் வைத்துத் தூக்குகிற மாதிரி படி வேறு. எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு பெரியப்பா ரிவர்ஸில் வருகிறார்! மாடியில் இருந்து பார்க்கத்தான் கொடுத்து வைக்கலை, செலக்‌ஷன் இன்றைக்குப் போய் வந்து சேர்ந்தது. ஆனால் உள்ளே போனதும் கூப்பிட்டு எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லுவாங்க, கேளுங்க.

இன்னும் அடிக்கலையே.

அவர் குரலும் பழகிக்கொண்டு இருக்கிறேன் அண்ணா, பெரியப்பா குரல். பாதி வாய்க் குரல். இதுவரைக்கும் எந்த ஸ்டேஜிலும் யாரும் செய்ததில்லை. போன வாரம் பெரியம்மாவோடு காங்கேயம் போயிருந்தேன், பை தூக்க. அவருக்கு வேறு பேச்சே வருவதில்லை, பெரியம்மாவைப் பார்த்தால் மட்டும் ஒரு சத்தம். "அம்மிணி" என்று கூப்பிடுகிறார். ஆனால் அது அம்மிணி மாதிரி இருக்காது. கிணற்றுக்குள் ராட்டினம் திரும்புகிற மாதிரி இருக்கும். நானும் பார்க்கிறேன், பிடிபடவே மாட்டேன் என்கிறது. "ம்மி"யில் மூச்சு எங்கே போகிறதென்று தெரியலை. அது மட்டும் கிடைத்தால் இன்றைக்கு செலக்‌ஷன் நிச்சயம்.

அடிக்கிறது! அடிக்கிறது பாருங்க! துண்டு, துண்டு! ஸ்பீக்கரில் போடுகிறேன். உஷ்.

"தாயே… சொல்."

"அய்யா… வசந்தாமணிங். பவானியிலிருந்து."

"அறிவேன். சுற்றியாயிற்றா?"

"சுத்துனாங்க அய்யா. மூணு சுத்தும் சுத்துனாங்க."

கேட்டீங்களா? சுத்தினாங்களாம்! இருங்க.

"பின்வாசல்… தாயே? பின்னோக்கி… இழுத்தாயா?"

"இல்லீங் அய்யா. எறக்கலீங்."

"…ஏன்?"

"மனசு கேக்கலீங். பின்வாசல்ல கொண்டு போனாலும் இந்த ஊட்டுக்குள்ளதானுங்களே இருக்கோணும்? முன்னாடி அது வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நீங்கதானுங்களே சொன்னீங்க, முழுங்கீரும்னு. அவரை வெச்சு அதைச் சோதிச்சுப் பாக்க எனக்குத் தெகிரியம் இல்லீங். அதான்… அப்படியே காப்பகத்துக்கே கொண்டு போகச் சொல்லிப்போட்டனுங். கண்ணுல பாக்காட்டியும் பரவால்லைங். எங்கயோ ஒரு பக்கம் உசுரோட இருக்கட்டும். வண்டி போயிருச்சுங்."

இது நான் சொல்லலை அண்ணா. நான் சொன்னது ரிவர்ஸ் மட்டும்தான், நீங்களே கேட்டீங்க இல்லையா? எலுமிச்சம்பழம்கூட… இவங்களாகவே செய்தால் நான் என்ன செய்ய? மைக்கைப் பொத்தியிருக்கிறேன், கேட்காது. இருங்க, இன்னும் சிரிப்பு இருக்கும். ஏதாவது வரும்.

"அய்யா? லைன்ல இருக்கறீங்களா? நான் செஞ்சது செரிதானுங்களே?"

"…சரிதான் தாயே. மங்களம்… உண்டாகட்டும்."

இல்லை அண்ணா, பின்னே வேறு என்ன சொல்ல? நடுவில் குரலை விட முடியுமா? ஏன் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கறீங்க? சாப்பிடுங்க.

"செரிங் அய்யா. நீங்க சொல்லிட்டா போதுங். அவருதான் வுடலீங். வண்டிக்குள்ள இருந்தே கேட்டுக் கம்பிய எடது கையில புடிச்சுக்கிட்டாரு. வெரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தானுங் எடுத்தேன். நானேதான் பிரிச்சேன். அப்பவும் என்னையே பாத்துக்கிட்டு, அம்மிணிம்பாருங் அய்யா. சொல்ல வராதுங். வெளிய வுடற மூச்சுல பேச வராம, உள்ளுக்கு இழுத்து, உள்ளுக்கு இழுத்து…"

உள்ளுக்கா! அண்ணா, உள்ளுக்கு இழுக்கணுமாம்! நான் இத்தனை நாளும் வெளியே விட்டுக்கொண்டே இருந்தேன், அதுதான் வரலை! உள்ளுக்கு… இதோ… "ஹ்ம்… ம்மி… ம்மிணீ…" வந்துடுச்சு! கேட்டீங்களா, அப்படியே அவர்! அச்சு அசல் அவர்!

"ஏனுங்! இதா வந்துட்டனுங்! எங்கீங்க இருக்கறீங்க?"

அய்யய்யோ, மைக். கை எடுத்துவிட்டேன் போல. உஷ், பேசாதீங்க. பேசாமல் இருந்தால் தானாக வைத்துவிடுவாங்க. "தாயே… லைனில்… குறுக்கே… யாரோ…"

…

என்ன சத்தமே காணோம். கட் ஆகலையே, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

"தாயே?"

"…மிதுனு?"